லெட் செப்பெலினா, டீப் பர்ப்பிளா? கேட்டே முடிவு செய்வது எப்படி

எனக்கும் என் மச்சானுக்கும் இது ஆறு வருடப் பஞ்சாயத்து. இரண்டும் பிரிட்டிஷ் ராக் இசைக்குழுக்கள். நான் செப்பெலின் கட்சி, அவன் பர்ப்பிள் கட்சி. ஆளுக்கொரு பாட்டை யூடியூபில் போட்டுக் காட்டுவோம், டீ ஆறிப்போகும், வந்த கட்சியிலேயே எழுந்து போவோம். போன மழைக்காலத்தில் இதை ஒரு தடவையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று உட்கார்ந்தேன். எந்த இரண்டு இசைக்குழுவுக்கும் இதே முறை ஒத்துவரும். இரண்டு குழுக்களின் பாட்டிலும் நாலைந்தாவது கேட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. எந்தக் காலத்து ஆட்கள்?

செப்பெலினில் ஆள் மாறும் தொல்லை இல்லை. 1968-இல் சேர்ந்த பேஜ் (கிட்டார்), பிளான்ட் (பாடகர்), ஜோன்ஸ் (பேஸ் கிட்டார்), பான்ஹம் (டிரம்ஸ்) நால்வரும், 1980-இல் பான்ஹம் இறக்கும்வரை அப்படியே இருந்தார்கள். பர்ப்பிளில் ஆள் மாறிக்கொண்டே இருக்கும். ரசிகர்கள் அணிகளை மார்க் ஒன்று, மார்க் இரண்டு என்று எண்ணுவார்கள். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது மார்க் இரண்டு: கில்லன் (பாடகர்), பிளாக்மோர் (கிட்டார்), குளோவர் (பேஸ் கிட்டார்), லார்ட் (ஆர்கன்), பெய்ஸ் (டிரம்ஸ்). 1969 முதல் 1973 வரை. எல்லா அணியையும் ஒரே மூட்டையில் கட்டினால் எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்றே தெரியாமல் போகும்.

2. ஜோடி சேர்ப்பது

ஒருவரின் ஸ்டுடியோ பாட்டை இன்னொருவரின் மேடைப் பாட்டோடு மோதவிடக் கூடாது. நாங்கள் ஆறு வருடமும் செய்தது அதைத்தான். நல்லவேளையாக இந்த இரண்டு குழுக்களுக்கும் ஜோடிகள் தானாகவே அமைந்திருக்கின்றன.

ஸ்டுடியோவுக்கு, செப்பெலினின் பெயரில்லாத நான்காவது ஆல்பம் (1971), பர்ப்பிளின் 'மெஷின் ஹெட்' (1972). இரண்டிலும் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான அதே ஒலிப்பதிவு வண்டி பயன்பட்டிருக்கிறது. செப்பெலின் அதை இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டுக்கு வரவழைத்தார்கள். பர்ப்பிள் ஆட்கள் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரூ ஊர் கேசினோவில் பதிவு செய்வதாக இருந்தது. 1971 டிசம்பரில் ஃபிராங்க் ஜாப்பா கச்சேரியின் நடுவே யாரோ சுட்ட தீப்பொறித் துப்பாக்கியால் கேசினோ எரிந்துபோனது (பர்ப்பிளின் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' பாட்டு அந்தக் கதைதான்). கடைசியில் குளிர்காலத்துக்குப் பூட்டிக் கிடந்த கிராண்ட் ஹோட்டலின் தாழ்வாரத்தில் மெத்தைகளை அடுக்கிவைத்து வாசித்தார்கள். பதிவானதைக் கேட்க வண்டிவரை போய்வருவது அவ்வளவு சுற்று என்பதால், போய்க் கேட்பதையே விட்டுவிட்டார்களாம்.

மேடைக்கு, பர்ப்பிளின் 'மேட் இன் ஜப்பான்', செப்பெலினின் 'ஹவ் தி வெஸ்ட் வாஸ் வான்'. முன்னது 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும், பின்னது அதே வருடம் ஜூனில் கலிஃபோர்னியாவில். இரண்டு மாத இடைவெளிதான். பின்னது வெளிவந்ததென்னவோ 2003-இல்.

3. சத்தத்தைச் சமன் செய்வது (நான் வழுக்கி விழுந்த இடம்)

முதல் சுற்றில் பர்ப்பிள் அபார வெற்றி. செப்பெலின் கட்சிக்காரனான எனக்கே அப்படித்தான் கேட்டது. கிட்டார் முகத்துக்கு நேரே வந்தது, டிரம்ஸ் நெஞ்சில் இடித்தது. மச்சானுக்கு போன் போட்டுத் தோல்வியை ஒப்புக்கொண்டேன். அவன் என் வீட்டுக்கே இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தான்.

இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. என்னிடம் இருந்த 'மெஷின் ஹெட்' பிற்காலத்தில் சத்தத்தை ஏற்றி மறுபடி மாஸ்டர் செய்தது (அதாவது வெளியிடுமுன் ஒலியை இறுதியாகச் சரிசெய்தது). செப்பெலின், பழைய சிடியிலிருந்து எடுத்தது. ஒரே வால்யூமில் வைத்தாலும் ஒன்று உரக்க, ஒன்று மெல்ல. சத்தம் கொஞ்சம் கூடினாலே பேஸ் (தாழ்ந்த ஒலிகள்) தெளிவாகக் கேட்கும். நம் காது அப்படி. 'உரக்க இருக்கிறது' என்று மனசு சொல்லாது, 'நன்றாக இருக்கிறது' என்றுதான் சொல்லும்.

ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளைத் திறந்து 'நார்மலைஸ்' கொடுத்தேன். மறுபடியும் அதே கதை! அந்த வசதி அலையின் உச்சியை மட்டும்தான் சமன் செய்யும். ஒரே ஒரு டிரம்ஸ் அடி ஓங்கி விழுந்திருந்தால், மீதிப் பாட்டு பள்ளத்திலேயே கிடக்கும். வேண்டியது அதற்குப் பக்கத்தில் இருக்கும் 'லவுட்னஸ் நார்மலைசேஷன்'. அது காதுக்குப் படும் சத்தத்தைக் கணக்கெடுக்கும். இரண்டு பாட்டுக்கும் மைனஸ் 20 எல்யூஎஃப்எஸ் (காதுக்குப் படும் சத்தத்தை அளக்கும் அலகு) என்று கொடுங்கள். இடது வலது சேனல்களைத் தனித்தனியாகச் சமன் செய்யும் கட்டத்தில் டிக் போடாதீர்கள். மூலக் கோப்பின் மேல் சேமித்துவிடாமல் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்குக் காசு கொடுத்து எந்த மென்பொருளும் வாங்க வேண்டாம். ஆனால் வயர் உள்ள ஒரு இயர்போன் வாங்குங்கள். போன் ஸ்பீக்கரில் ஜான் பால் ஜோன்ஸும் ரோஜர் குளோவரும் வீட்டிலேயே இருக்க மாட்டார்கள்.

4. ஒரு தடவைக்கு ஒரு வாத்தியம்

மொத்தமாகக் கேட்டால் பாடகர்தான் கண்ணுக்குத் தெரிவார். ஒரு தடவை டிரம்ஸ் மட்டும், அடுத்த தடவை பேஸ் மட்டும் என்று பின்தொடருங்கள்.

பர்ப்பிளின் 'ஹைவே ஸ்டார்' பாட்டில் முதலில் வரும் ஸோலோவை (ஒரு வாத்தியம் மட்டும் முன்னால் வந்து வாசிக்கும் பகுதியை) நான் வருடக்கணக்காக கிட்டார் என்றே நினைத்திருந்தேன். அது ஜான் லார்டின் ஹாமண்ட் ஆர்கன் என்ற கீபோர்டு வாத்தியம். கிட்டாருக்கான மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் சொருகியதால் அப்படி உறுமுகிறது. பிளாக்மோர் அப்புறம்தான் வருகிறார். இது பிடிபட்டதும் பர்ப்பிள் எனக்குப் புதுக் குழுவாகிவிட்டது.

எதிர்ப்பக்கம் செப்பெலினின் நான்காவது ஆல்பத்தில் 'வென் தி லெவீ பிரேக்ஸ்' கேளுங்கள். ஹெட்லி கிரேஞ்ச் வீட்டில் பான்ஹமின் டிரம்ஸைக் கீழே கூடத்தில் வைத்து, மைக் இரண்டை மாடிப்படியின் மேலிருந்து தொங்கவிட்டார்கள். டேப்பின் வேகத்தையும் குறைத்தார்கள். முதல் சில நொடிகளில் ஒவ்வொரு அடிக்கும் பின்னால் அந்த வீட்டின் உயரமே கேட்கும். சத்தத்தைச் சமன் செய்யாத நாளில் இது எனக்குச் சோம்பலாகப் பட்டது என்பதை வெட்கத்தோடு பதிவு செய்கிறேன்.

5. மதிப்பெண் போடாதீர்கள்

நான் எக்செல்லில் அட்டவணை போட்டேன். வீண் வேலை. பாடலுக்கு 8, வரிகளுக்கு 6 என்று கூட்டினால் வருவது கூட்டல்தான். மேடை ஜோடியில் பர்ப்பிளே மேல் என்பது என் கருத்து. செப்பெலினின் மேடை ஆல்பத்தில் வரும் 'மோபி டிக்'கில் 19 நிமிடம் டிரம்ஸ் கேட்க எனக்குப் பொறுமை இல்லை. ஸ்டுடியோவில் செப்பெலின். ஆக, சமன். அதனால் பத்து நாள் இரண்டையும் தொடாமல் இருந்தேன். பதினோராம் நாள் காலையில் பல் துலக்கும்போது வாய் முணுமுணுத்தது மாடிப்படி டிரம்ஸைத்தான். என் ஓட்டு செப்பெலினுக்கு.

பிற்சேர்க்கை: ஸ்பாட்டிஃபையில் கேட்பவர் என்ன செய்வது என்று கேட்டிருந்தார்கள். பிளேபேக் அமைப்பில் வால்யூம் நார்மலைசேஷனை இயக்குங்கள். ஆனால் ஆல்பமாகப் போட்டால் ஆல்பம் முழுவதற்கும் ஒரே அளவில்தான் சரிசெய்யும். பிளேலிஸ்ட்டில் சேர்த்துக் கேளுங்கள், பாட்டுக்குப் பாட்டு சமனாகும்.

இன்னொன்று: 'செப்பெலின் அடுத்தவர் பாட்டைச் சுட்டவர்கள் ஆயிற்றே' என்று நாலு பேர் எழுதிவிட்டார்கள். உண்மைதான். செப்பெலினின் 'ஹோல் லாட்டா லவ்' பாட்டுக்கு ப்ளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்சனின் பெயர் வழக்குக்குப் பிறகுதான் சேர்ந்தது. ஆனால் பர்ப்பிளின் 'சைல்ட் இன் டைம்' கேட்டுவிட்டு, இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே குழுவின் 'பாம்பே காலிங்' கேளுங்கள். அப்புறம் பேசலாம்.

மச்சான் இனிப்பைத் திருப்பிக் கேட்கவில்லை, ஆனால் தீர்ப்பையும் ஏற்கவில்லை. பர்ப்பிளின் 'இன் ராக்' ஆல்பத்துக்கு எதிரில் செப்பெலினின் மூன்றாவது ஆல்பத்தை வைக்க வேண்டுமாம். இரண்டும் 1970, ஒன்று ஜூன், ஒன்று அக்டோபர். நியாயமான ஜோடிதான். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.