மா கவாத்து: வெட்ட வேண்டியது கணு வளையத்துக்குக் கீழே

எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் மா மரத்தில் காய்ப்பு குறைந்தால் முதலில் உரக் கடைக்குத்தான் ஓடுவோம். கிளைகள் பின்னிக்கொண்டு உள்ளே வெயிலே விழாத மரத்துக்கு எவ்வளவு உரம் போட்டாலும் வீண். கிளைகளை அளவாக வெட்டிவிடும் கவாத்துதான் வழி.

காலம் முக்கியம். மா, முற்றிய நுனிக் கிளையில்தான் பூக்கும். பெங்களூரா, செந்தூரா ரகங்களில் காய் இறக்கிய கையோடு, ஆகஸ்டுக்குள் வெட்டிவிட்டால் புதுத் தளிர் மார்கழி, தைக்குள் முற்றிவிடும். ஐப்பசியில் ரம்பத்தை எடுத்தால் அந்த வருஷ மகசூலில் கை வைத்த மாதிரி. நீலம் ரகம் கடைசியாக இறங்குவதால் அதைக் கடைசியில் வெட்டுங்கள்.

மடக்கு ரம்பம் ஒன்று, கவாத்துக் கத்தரி ஒன்று போதும். அரிவாள் வேண்டவே வேண்டாம், பட்டையைக் கிழித்துவிடும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். மாம்பால் பட்டால் தோல் புண்ணாகும்.

காய்ந்தது, நோய் பிடித்தது, ஒன்றோடொன்று உரசுவது எல்லாவற்றையும் முதலில் எடுங்கள். அப்புறம் நடுவில் நேராக மேலே போகும் ஒன்றிரண்டு பெரிய கிளைகள். கனமான கிளையை முதலில் அடியிலிருந்து கொஞ்சம் அறுத்துவிட்டு, சற்றுத் தள்ளி மேலிருந்து அறுங்கள். மிச்சக் கட்டையைக் கடைசியில் எடுத்தால் பட்டை உரியாது.

இனி நுனி. என்னை ரொம்பக் குழப்பியது இதுதான். கிளையை உற்றுப் பாருங்கள்: ஒவ்வொரு முறை தளிர்த்து நின்ற இடத்திலும் மொட்டுகள் நெருக்கமாக ஒரு வளையம் போல இருக்கும். இதுதான் கணு வளையம். அதற்கு மேலே வெட்டினால் வளையத்து மொட்டுகள் மொத்தமாகக் கிளம்பி, ஒரே இடத்தில் துடைப்பம் மாதிரி முளைக்கும். வளையத்துக்குக் கொஞ்சம் கீழே வெட்டினால் சில தளிர்கள்தான், அதுவும் இடைவெளி விட்டு வரும். அப்படியும் கூட்டமாக வந்தால், விரல் நீளம் இருக்கும்போதே திடமான மூன்றை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள்.

பெரிய வெட்டுக் காயங்களுக்குப் போர்டோ பசை. 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுண்ணாம்பை அரை லிட்டரிலும் தனித்தனியாகக் கரைத்து, இரண்டையும் மூன்றாவது பிளாஸ்டிக் வாளியில் ஒரே நேரத்தில் ஊற்றிக் கலக்குங்கள். இரும்பு, தகரப் பாத்திரம் கூடவே கூடாது. பளபளப்பான இரும்புக் கத்தியை உள்ளே விட்டு எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புக் கரைசல் சேர்க்க வேண்டும். அன்றைக்கே பூசிவிடுங்கள், மறுநாளுக்கு ஆகாது.

பிற்சேர்க்கை: கவாத்து செய்த மரத்தடியில் கத்தரியால் நறுக்கியது போலத் தளிரிலைகள் கிடப்பதாகச் சிலர் சொன்னார்கள். அது இலை வெட்டும் கூன்வண்டு. விழுந்த இலைக்குள்ளேதான் அதன் முட்டை இருக்கும். அப்படியே விடாமல் உடனுக்குடன் பொறுக்கிக் கொளுத்துங்கள்.