கருவேலங்கிளைக்கு அடியில் லூரைத் தத்தவிட: முதல் காஸ்டிங் ராடு வாங்குவோருக்கு

அமெரிக்கர்கள் பாஸ் மீன் பிடிக்கும் வீடியோக்களைப் பார்த்திருந்தால் இதைக் கவனித்திருப்பீர்கள். ஏரிக்கரை வீடுகளின் படகுத்துறைக்கு அடியில், நிழலில் மீன் நிற்கும். பலகைக்கும் தண்ணீருக்கும் நடுவில் சந்து கொஞ்சம்தான். தலைக்கு மேலே தூக்கி எறிந்தால் லூர், அதாவது செயற்கை இரை, பலகையில் போய் மோதும். அதனால் பக்கவாட்டில் தாழ வீசுகிறார்கள். ஓட்டாஞ்சில்லு தண்ணீர்மேல் தத்துகிற மாதிரி லூர் நாலைந்து துள்ளு துள்ளி நிழலுக்குள் போய்விடும். இதற்கு ஸ்கிப்பிங் என்று பெயர்.

மதுரைப் பக்கக் கண்மாய்களில் படகுத்துறை கிடையாது, மரம் இருக்கிறது. சமூகக் காடு வளர்ப்பில் கண்மாய்க்குள் நட்ட நாட்டுக் கருவேலமும், தானாகப் பரவிக் கரையை அடைத்துக்கொண்ட சீமைக் கருவேலமும் ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் பெருகியதும் தண்ணீருக்குள் நிற்கும். கிளைகள் தாழ்ந்து தண்ணீரைத் தொடப் பார்க்கும். வெயில் ஏறியதும் விரால் ஒதுங்குகிற இடங்களில் அதுவும் ஒன்று. மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம் என்று எந்தத் திசையில் போனாலும் இப்படி ஒரு கண்மாயாவது கண்ணில் படும்.

அதற்கு ராடு (தூண்டில் கம்பு) வாங்கக் கிளம்பும் பலர் அமெரிக்கப் பட்டியலில் உள்ள 7 அடி ராடை அப்படியே வாங்கிவிடுகிறார்கள். அவர்கள் நிற்பது படகின் மேல்தட்டில், சுற்றிலும் வெட்டவெளி. நாம் நிற்பது கரைச்சரிவில், முதுகுக்குப் பின்னால் முள். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு ராடு தேடினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

படி 1: கடைக்கு முன்னால் கண்மாய்க்குப் போங்கள்

கையில் எதுவும் வேண்டாம். நீங்கள் வழக்கமாக நிற்கப்போகும் இடத்தில் போய் நில்லுங்கள். கரையின் உச்சியில் நின்றால் தண்ணீர் பல அடி கீழே கிடக்கும். அங்கிருந்து வீசினால் லூர் சாய்வாக இறங்கித் தண்ணீரில் குத்தும், தத்தாது. கல் பதித்த சரிவில் இறங்கி, நீர்மட்டத்தை ஒட்டி நின்றால்தான் லூர் படுக்கைவாட்டில் போகும். படித்துறை இருந்தால் இன்னும் நல்லது, கால் வழுக்காது.

இறங்கி நின்றபடி வலது கையைப் பக்கவாட்டில் நீட்டிப் பாருங்கள். கையில் ஆறரை அடிக் குச்சி இருந்தால் அதைச் சுழற்ற இடம் இருக்குமா? ஒரு பழைய மூங்கில் கம்பைக் கொண்டுபோய்ச் சுழற்றிப் பார்ப்பது இன்னும் சுலபம். கரையில் ஆடு மேய்க்கிறவர் "என்ன தம்பி, யாரை அடிக்கப் போறீக?" என்று கேட்பார், பரவாயில்லை.

கிளைக்கும் தண்ணீருக்கும் உள்ள இடைவெளியையும் பாருங்கள். இது மாதத்துக்கு மாதம் மாறும். கண்மாய் நிரம்பி மறுகால் பாயும்போது கிளைகள் முழுகிக் கிடக்கும், தத்தவிட வழியே இருக்காது. தண்ணீர் பாசனத்துக்குத் திறந்து வற்றத் தொடங்கும்போதுதான் சந்து திறக்கும். பங்குனி, சித்திரையில் தண்ணீர் மரத்தைவிட்டே விலகிவிடும். ஆக இந்த வித்தைக்கு வருடத்தில் சில மாதங்கள்தான். மற்ற மாதங்களிலும் அதே ராடு ஆகாயத்தாமரை மேலும் அல்லி இலை மேலும் தவளை லூர் இழுக்க உதவும்படி வாங்குவது புத்திசாலித்தனம்.

படி 2: லூரை முடிவு செய்யுங்கள், ராடு பிறகு

ராடு என்பது ஒரு குறிப்பிட்ட எடையை எறிவதற்கான கருவி. எடை தெரியாமல் ராடு தேட முடியாது.

விராலுக்கு, கிளைக்கு அடியில் அனுப்ப, உள்ளே காற்று நிறைந்த ரப்பர் தவளைதான் முதல் தேர்வு. இரண்டு தூண்டில் முள்ளும் மேல்நோக்கி உடம்போடு ஒட்டி நிற்பதால் கிளையிலும் பாசியிலும் எளிதில் மாட்டாது. அடிவயிறு அகலமாக இருப்பதால் தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு போகும். வாங்கும்போது மூக்கு கூராக இருக்கிற தவளையாகப் பாருங்கள். வாய் குழிந்த பாப்பர் வகை தண்ணீரை வாரிக்கொண்டு நின்றுவிடும். தத்தவிடப் பழகுகிறவருக்கு அது ஆகாது.

எடை 10 முதல் 15 கிராம் வரை வைத்துக்கொள்ளுங்கள். இதைவிட லேசானால், காஸ்டிங் ராடின் மேல்பக்கம் பொருத்தும் பெய்ட்காஸ்டர் ரீலின் ஸ்பூலை (தூண்டில் நரம்பு சுற்றிய உருளையை) சுற்ற வைக்கவே திணறும்.

படி 3: நீளம்

முதல் ராடு 6 அடி 3 அங்குலத்திலிருந்து 6 அடி 8 அங்குலத்துக்குள் இருக்கட்டும். 6 அடி 6 அங்குலம், அதாவது ஏறக்குறைய 198 சென்டிமீட்டர், கடைகளில் எளிதாகக் கிடைக்கும் அளவு. 7 அடி ராடு தூரமாக எறியும், மீனை இழுக்க நெம்புகோல் பலமும் தரும். ஆனால் தத்தவிடும்போது ராடின் முனை தண்ணீரை உரசுகிற மாதிரி தாழ்ந்து வர வேண்டும். நீர்மட்டத்தில் நிற்கிற சராசரி உயரக்காரருக்கு 7 அடி ராடின் முனை தரையிலோ தண்ணீரிலோ இடிக்கும். இடிக்கக் கூடாது என்று கையைத் தூக்கினால் லூர் மேலே எழும்பிக் கிளையில் தொங்கும்.

கடையில் ஒரு சோதனை செய்யுங்கள். முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்து, ராடின் முனையைத் தரைப்பக்கம் சாய்த்து, மணிக்கட்டை மட்டும் அசைத்துச் சின்ன வட்டம் போடுங்கள். முனை தரையில் தட்டினால் அந்த ராடு உங்களுக்கு நீளம். உங்கள் நண்பருக்குச் சரியாக இருக்கலாம், அது வேறு.

படி 4: பலமும் வளைவும்

புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ராடின் கைப்பிடிக்கு மேலே பொடி எழுத்தில் சில விவரங்கள் அச்சிட்டிருப்பார்கள்: நீளம், பலம், எத்தனை பவுண்டு நரம்பு, எத்தனை கிராம் அல்லது அவுன்ஸ் லூர். ஒரு அவுன்ஸ் 28 கிராம் சொச்சம். கால் அவுன்ஸ் என்றால் 7 கிராம், அரை அவுன்ஸ் 14 கிராம், முக்கால் அவுன்ஸ் 21 கிராம். 10 முதல் 15 கிராம் தவளைக்கு, 7 முதல் 21 கிராம் என்று எழுதியிருக்கிற ராடு பொருந்தும். லூரின் எடை அந்த எல்லைகளின் நடுவில் விழுந்தால்தான் ராடு நன்றாக வேலை செய்யும். ஓரத்தில் விழுந்தால் எறியலாம், சுகம் இருக்காது.

பலம் என்பது ராடை வளைக்க எவ்வளவு விசை தேவை என்பது. மீடியம், மீடியம் ஹெவி, ஹெவி என்று ஏறிக்கொண்டே போகும். வளைவு என்பது ராடு எந்த இடத்தில் வளைகிறது என்பது. முனை மட்டும் வளைந்தால் எக்ஸ்ட்ரா ஃபாஸ்ட், மேல் மூன்றில் ஒரு பங்கு வளைந்தால் ஃபாஸ்ட், பாதிவரை வளைந்தால் மாடரேட். இரண்டும் வேறு வேறு. கடைக்காரரே இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் அந்தக் கடையில் முள்ளும் தக்கையும் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

தத்தவிடும் வீச்சு குட்டை வீச்சு. ராடைப் பின்னால் கொண்டுபோக இடம் இல்லை, மணிக்கட்டுச் சுண்டல்தான். அந்தச் சின்னச் சுண்டலிலேயே முனை வளைந்து, நிமிர்ந்து, லூரை விசிற வேண்டும். முனை விறைப்பாக இருந்தால் வளையாது; லூர் சப்பென்று காலடியில் விழும். அதனால் முனை கொஞ்சம் இளக்கமாக இருக்க வேண்டும்.

ஆனால் முழுக்க இளக்கமான ராடும் கூடாது. விராலின் வாய் எலும்பாக இருக்கும். தவளையின் முள் தடிமனானது. வெட்டி இழுக்கும்போது முள் ஏற அடித்தண்டில் பலம் வேண்டும். முள் ஏறியதும் விரால் வேருக்குள்ளோ பாசிக்குள்ளோ தலையை நுழைக்கும். அதற்கு முன் அதைத் திருப்பி வெளியே கொண்டுவந்தாக வேண்டும்.

இந்த இரண்டு தேவைக்கும் நடுவில் நிற்பது மீடியம் ஹெவி பலமும் ஃபாஸ்ட் வளைவும். என் சிபாரிசு இதுதான். எக்ஸ்ட்ரா ஃபாஸ்ட் வேண்டாம். ஹெவி ராடு திறந்த பாசிமேல் தவளை இழுக்க அருமையானது, தத்தவிடப் பழகுகிற கைக்கு அது வெறும் உலக்கை.

எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் மீடியம் ஹெவி இன்னொரு கம்பெனியின் ஹெவியாக இருக்கும். இதற்குப் பொதுவான அளவுகோல் இல்லை. உங்கள் தவளையைக் கடைக்கே எடுத்துப் போங்கள். நரம்பை வளையங்கள் வழியாக விட்டு, தவளையை முனையிலிருந்து ஒரு சாண் தொங்கவிட்டு, மணிக்கட்டால் மெல்ல ஆட்டுங்கள். மேல்பகுதி தவளையோடு சேர்ந்து வளைந்து வளைந்து வந்தால் சரி. ராடு குச்சியாக நின்று தவளை மட்டும் ஆடினால் வேறு ராடு கேளுங்கள். முனையைக் கையால் பிடித்து வில்லாக வளைத்துக் காட்டுகிறவரைத் தடுத்துவிடுங்கள். கார்பன் ராடு மீனுக்கு உடைவதைவிட இப்படி உடைவதுதான் அதிகம்.

படி 5: கைப்பிடி

இதைப் பலரும் கவனிப்பதே இல்லை. ரீல் பொருந்தும் இடத்திலிருந்து பின்முனை வரை 9, 10 அங்குலத்துக்குமேல் போகக் கூடாது. நீளமான கைப்பிடி, இரண்டு கையாலும் பிடித்துத் தூரமாக எறிவதற்கானது. மணிக்கட்டைச் சுழற்றும்போது அது முன்கையிலும் விலாவிலும் இடிக்கும். ராடைப் பிடித்தால் பின்முனை முழங்கையைத் தாண்டாமல் நின்றால் போதும். கார்க்கா ரப்பர் ஸ்பாஞ்சா என்பது உங்கள் இஷ்டம்.

படி 6: ஒரு துண்டா, இரண்டு துண்டா?

ஒரே துண்டு ராடு சிறந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்கிறவர்களிடம் கார் இருக்கும். மாட்டுத்தாவணியில் டவுன் பஸ் ஏறுகிறவரும், பைக்கில் குறுகலான சாலையில் போகிறவரும் இரண்டு துண்டு ராடே வாங்கலாம். ஆறரை அடி ராடு பாதியாகி ஒரு மீட்டருக்குச் சுருங்கும். இணைப்பு இறுக்கமாக உட்காருகிறதா என்று மட்டும் பாருங்கள். குடைபோல மடங்கும் டெலஸ்கோப்பிக் ராடு இந்த வேலைக்கு வேண்டவே வேண்டாம்.

வளையங்களின் உட்புறத்தை ஒரு பஞ்சுத் துணுக்கால் துடையுங்கள். பஞ்சு இழை மாட்டினால் உள்ளே கீறல் இருக்கிறது. பிரெய்டு நரம்பை (பல இழைகளைப் பின்னிய நரம்பை) அது அரைத்துவிடும்.

படி 7: ரீலும் நரம்பும்

உண்மையைச் சொன்னால், தத்தவிடுவதற்கு ஸ்பின்னிங் ரீல்தான் சுலபம். அதில் ஸ்பூல் சுழல்வதில்லை, சிக்கல் குறைவு. முள்மரமும் பாசியும் இல்லாத இடமென்றால் அதையே வைத்துக்கொள்ளலாம். விராலைக் கிளைக்குள்ளிருந்து கட்டி இழுக்க வேண்டும் என்பதால்தான் பெய்ட்காஸ்டர்.

பெய்ட்காஸ்டரில் நடப்பது இது: லூர் ஒவ்வொரு முறை தண்ணீரைத் தொடும்போதும் அதன் வேகம் குறையும். ஸ்பூலோ முதலில் சுழன்ற வேகத்திலேயே சுழலும். நரம்பு வெளியே போக முடியாமல் உள்ளேயே பொங்கிக் குருவிக்கூடாகும். அதனால் பட்ஜெட் குறைவாக இருந்தால் ராடில் மிச்சம் பிடித்து, நல்ல பிரேக் உள்ள ரீலில் போடுங்கள். வெளியே திருகும் காந்த பிரேக் உள்ள ரீல் பழகுவதற்கு வசதி.

நரம்பு 40 பவுண்டு பிரெய்டு. மெல்லிய பிரெய்டு ஸ்பூலில் அடுக்குக்குள் அடுக்காகப் புதைந்துகொள்ளும். ஸ்பூலை விளிம்புவரை நிரப்பாதீர்கள். தத்தவிடும் தூரம் பத்துப் பதினைந்து மீட்டர்தான். நரம்பு குறைவாக இருந்தால் ஸ்பூல் லேசாகி, நிறுத்தினால் சீக்கிரம் நிற்கும். பிரெய்டு ஸ்பூலில் வழுக்கிச் சுற்றாமல் இருக்க அடியில் சிறிது தங்கூசி (நைலான் நரம்பு) சுற்றிக்கொள்ளுங்கள்.

படி 8: முதலில் திறந்த தண்ணீரில்

காந்த பிரேக்கை முழுதாக வையுங்கள். ஸ்பூல் பக்கத்துத் திருகை, பட்டனை அழுத்தியதும் லூர் மெதுவாக இறங்கித் தரையைத் தொட்டவுடன் ஸ்பூல் நிற்கும்படி இறுக்குங்கள். மரமில்லாத இடத்தில், முனையைத் தாழ வைத்து, மணிக்கட்டால் வட்டமாகச் சுண்டி விடுங்கள். கட்டைவிரல் ஸ்பூல்மேல் உரசியும் உரசாமலும் இருக்கட்டும். ஒரு துள்ளல் வந்தால் போதும். இரண்டாவது தானாக வரும். சிக்கல் வராமல் விழத் தொடங்கியதும் பிரேக்கை ஒரு புள்ளி தளர்த்துங்கள். பிறகு மரத்துக்குப் போகலாம். கிளையின் ஓரத்துக்கு மூன்று, நாலு அடி முன்னாலேயே லூர் முதல் முறை தண்ணீரைத் தொட வேண்டும். கிளையைக் குறிபார்த்தால் கிளையில்தான் மாட்டும்.

தண்ணீரில் இறங்கும் முன்

பெரும்பாலான கண்மாய்களில் மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, ஏலம் போயிருக்கும். குத்தகை எடுத்தவரிடமோ ஊர்ப் பெரியவரிடமோ "அண்ணே, தூண்டில் போட்டுக்கிறலாமா?" என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். வேட்டங்குடி போன்ற பறவைச் சரணாலயக் கண்மாய்ப் பக்கம் ராடோடு போகவே கூடாது. மற்ற இடங்களிலும் கொக்கும் நாரையும் கூடு கட்டிய மரத்தை விட்டுவிடுங்கள். அறுந்து தொங்கும் பிரெய்டு பறவையின் காலைச் சுற்றினால் அது பிழைக்காது. செக்கச்செவேலென்று விரால் குஞ்சுகள் கூட்டமாக மிதந்தால் அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அங்கே லூர் போட்டால் கடிக்கும், சந்தேகமில்லை. ஆனால் அவற்றைத் தூக்கிவிட்டால் குஞ்சு மொத்தமும் கெளுத்திக்கும் நீர்க்காகத்துக்கும் போய்விடும்.

கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். கரையோரம் பம்புசெட்டுக்குப் போகிற கம்பி தாழ்வாகத் தொங்கினால் ராடைப் படுக்கவைத்தே தூக்கிப் போங்கள். இடி கேட்டால் ராடைக் கீழே போட்டுவிட்டு மரத்தடியை விட்டும் விலகி, பக்கத்தில் கட்டடம் இருந்தால் அதற்குள் போய்விடுங்கள்.