வரலாறு படிக்க விரும்புகிறவர்களுக்கு

சோழர் கதைகளை விரும்பிப் படிப்பது வேறு, வரலாறு படிப்பது வேறு. பிளஸ் டூ முடித்துவிட்டு, தங்களுக்கு வரலாறு மிகவும் பிடிக்கும் என்று சொல்லி பி.ஏ. வகுப்பில் சேர்ந்தவர்களில் சிலர் முதலாண்டிலேயே சோர்ந்து போவதற்கு இந்த வேறுபாடு முன்பே தெரியாததுதான் காரணம் என்று நினைக்கிறேன். எந்தப் பாடமானாலும் அதன் பெயரும் புகழும் பிடித்திருந்தால் மட்டும் போதாது. அந்தப் பாடத்தில் அன்றாடம் செய்ய வேண்டிய வேலை பிடித்திருக்கிறதா என்பதைத்தான் சேர்வதற்கு முன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வரலாற்றில் அதைச் சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. 1890 முதல் அரசு வெளியிட்டுவரும் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ வரிசையின் இரண்டாம் தொகுதியில் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளின் மூலமும் மொழிபெயர்ப்பும் உள்ளன. இணையத்திலும் கிடைக்கும் அந்தத் தொகுதியில், கோயிலில் விளக்கெரிக்கக் கால்நடைகள் விடப்பட்ட செய்தியைச் சொல்லும் ஒரு கல்வெட்டை எடுத்துக்கொண்டு ஒரு பிற்பகல் உட்காருங்கள். அரசனின் போர் வெற்றிகளை அடுக்கும் தொடக்கப் பகுதியான மெய்க்கீர்த்தியைத் தாண்டியதும் வெறும் கணக்குத்தான் வரும். ஒரு விளக்குக்கு ஆடு என்றால் 96, பசு என்றால் 48, எருமை என்றால் 16. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இப்படிப் பெயர் பெயராக, எண் எண்ணாக அது நீண்டுகொண்டே போகும்.

இதைப் படிக்கையில் கொட்டாவி வந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நல்ல நாவல்களைத் தொடர்ந்து படித்துக்கொண்டு, கல்லூரியில் வேறொரு பாடம் எடுக்கலாம். அதற்கு மாறாக, ஓர் எருமைக்கு ஆறு ஆடு, ஒரு பசுவுக்கு இரண்டு ஆடு என்று அன்றைக்கு மதிப்பு வைத்திருந்தார்களா, வேறு பல ஊர்க் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு 90 ஆடு என்று வருகிறதே, அது ஏன், ஆடு செத்துப்போனால் நெய்க்கு யார் பொறுப்பு என்றெல்லாம் மனம் தானாகக் கேட்கத் தொடங்கினால், நீங்கள் இந்தத் துறைக்கு உரியவர். கடைசிக் கேள்விக்குக் கல்வெட்டுகளே ‘சாவா மூவாப் பேராடு’ என்ற தொடரில் விடை வைத்திருக்கின்றன: குட்டிகள் பிறந்து வளர்ந்து இறந்தவற்றின் இடத்தை நிரப்புவதால் மந்தையின் எண்ணிக்கை குறையாது, ஆகவே அந்த ஆடுகளுக்குச் சாவுமில்லை, மூப்புமில்லை.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்ப்பதற்கு முன் பாடத்திட்டத்தைப் பாருங்கள். பல்கலைக்கழகங்களும் தன்னாட்சிக் கல்லூரிகளும் அதைத் தங்கள் இணையதளத்தில் வெளியிடுகின்றன. முதன்மைத் தாள்கள் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும் என்பதால் விருப்பப் பாடங்களிலும் சார்புப் பாடங்களிலும்தான் கண் வைக்க வேண்டும். கல்வெட்டியல், தொல்லியல், அருங்காட்சியகவியல் ஆகியவற்றில் ஒன்றேனும் இருந்தால் நல்லது. இறுதியாண்டு மாணவர் ஒருவரைப் பிடித்து, மூன்றாண்டுகளில் எத்தனை முறை களப்பயணம் போனீர்கள், நூலகத்தில் புத்தகத்தை வீட்டுக்குத் தருவார்களா என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்விகளுக்குக் கிடைக்கும் பதிலிலேயே துறையின் நிலை பெரும்பாலும் தெரிந்துவிடும்.

வீட்டில் பேசும்போது மழுப்ப வேண்டாம். பிள்ளையின் விருப்பத்தை எதிர்க்கும் அப்பாவுக்குப் பெரும்பாலும் பிடிக்காதது அந்தப் பாடமன்று, அதற்குப் பின்னால் உள்ள வருமானமின்மை. பி.எட். முடித்துத் தகுதித் தேர்வும் எழுதி ஆசிரியராவது, தேர்வாணையத் தேர்வுகள், தொல்லியலில் முதுகலை, ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம் என்று வழிகள் இருக்கின்றன. இடங்கள் குறைவு, போட்டி கடுமை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்; தெரிந்துதான் கேட்கிறாய் என்ற நம்பிக்கை வந்தால் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும்.

சேர்ந்த பிறகு அந்த விருப்பம் வாடாமல் பார்த்துக்கொள்வது இன்னொரு வேலை. தேர்வுக்கு முந்தைய வாரம் கையில் வரும் நோட்ஸை மட்டும் நம்பினால் எவ்வளவு பிடித்த பாடமும் கசந்துபோகும். சில தாள்கள் சலிப்பூட்டத்தான் செய்யும். எனக்கு அமெரிக்க வரலாறு அப்படி இருந்தது, தேர்ச்சிக்கு வேண்டிய அளவு படித்துக் கடந்துவிட்டேன், இன்றும் அதற்காக வருந்தவில்லை. அதில் மிச்சமான நேரத்தை விருப்பமான பக்கத்தில் செலவிட்டேன். சென்னையில் இருப்பவர்களுக்கு எழும்பூரில் ஆவணக் காப்பகமும் 1851இல் தொடங்கிய அருங்காட்சியகமும், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் உள்ளன. மதுரைப் பக்கத்தவர்களுக்குக் கீழடியும், தமிழ் பிராமி எழுத்துகள் உள்ள மாங்குளமும் அரைநாள் பயணம்தான்.

வேறெங்கும் போக முடியாதவர்களுக்கு உள்ளூர்ப் பழைய கோயிலின் சுவர் போதும். உச்சி வெயிலில் எழுத்து தெரியாது; காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது போக வேண்டும், அல்லது கைபேசி விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். சுண்ணாம்பு தடவுவது, கம்பியால் சுரண்டுவது எதுவும் கூடாது. ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி மைப்படி எடுப்பது முறையான அனுமதியோடு ஆசிரியர் முன்னிலையில் செய்ய வேண்டியது. தொடக்கத்தில் படம் எடுத்தாலே போதும். பழைய எழுத்தில் பெரும்பாலும் புள்ளி இராது, ‘ர’ எழுத்தும் நெடிலுக்குப் போடும் காலும் (ா) ஒன்றுபோலவே இருக்கும், எகர ஒகரங்களில் குறிலா நெடிலா என்பதைப் பொருள் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்ற தொடக்கத்துக்காகவேனும், வடமொழிச் சொற்களை எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்துகளைக் கொஞ்சம் பழகிக்கொள்ள வேண்டியிருக்கும். படித்த வரியையும் ஊரையும் தேதியையும், படிக்க முடியாமல் விட்ட இடத்தையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தால் மூன்றாமாண்டு ஆய்வேட்டுக்கு அதுவே பொருளாகிவிடும்.

இரண்டாமாண்டில் நான் முதன்முதலாக ஒரு சுவரில் இரண்டு வரி படித்து முடிக்க மாலை முழுவதும் ஆனது. தூணோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “என்ன தம்பி போட்டிருக்கு?” என்று கேட்டார். விளக்கெரிக்கத் தொண்ணூறு ஆடு கொடுத்திருக்கிறார்கள் என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அந்த ஆடெல்லாம் இப்ப யார்கிட்ட இருக்கு?” என்றார்.