கவுண்டர்ஆக்ட்: பொருளும் பயன்பாடும்

ஒன்றின் விளைவை எதிர்விளைவால் முறிப்பதுதான் 'கவுண்டர்ஆக்ட்' (counteract) என்ற ஆங்கில வினைச்சொல்லின் பொருள். விஷமுறிவு மருந்து என்கிறோமே, அந்த 'முறிவு' இதற்கு ரொம்ப நெருங்கிய சொல். வயிற்றில் அமிலம் கூடி நெஞ்சு எரிகிறது, ஆன்டாசிட் போட்டதும் அடங்குகிறது. இதை 'ஆன்டாசிட்ஸ் கவுண்டர்ஆக்ட் ஸ்டமக் ஆசிட்' என்று எழுதலாம். பாருங்கள், நடுவில் 'அகெய்ன்ஸ்ட்' வரவில்லை. 'அதற்கு எதிராக' என்று தமிழில் யோசித்தே பழகியதால் பலரும் அதைச் சேர்த்துவிடுகிறார்கள், தேவையே இல்லை, எதிர் என்ற பொருள் 'கவுண்டர்' என்பதிலேயே இருக்கிறது. அப்புறம், 'பிரிவென்ட்' வேறு. அது வருமுன் தடுப்பது, இது பெரும்பாலும் வந்துவிட்டதன் வீரியத்தைக் குறைப்பது. ஒரு ஆளை எதிர்ப்பதாகச் சொல்ல வேண்டுமா, அங்கே 'அப்போஸ்' போடுங்கள். உச்சரிக்கும்போது அழுத்தம் கடைசி 'ஆக்ட்' மேல் விழ வேண்டும்.