நூல் பிடித்துப் போனால் உலக இசை: புதிதாகக் கேட்பவர்களுக்கு ஒரு செய்முறை

உலக இசை கேட்க வேண்டும் என்று ஆசை வந்தபோது நான் செய்த முதல் காரியமே தப்பு. 'கட்டாயம் கேட்க வேண்டிய நூறு ஆல்பங்கள்' என்கிற மாதிரி ஒரு பட்டியலை எடுத்துக்கொண்டு, ஆல்பத்துக்கு ஒரு பாட்டு, நாளுக்கு மூன்று நாடு என்று ஓட்டித் தள்ளினேன். ஒரு மாதம் கழித்து யோசித்தால் ஒரு மெட்டுகூட மனதில் நிற்கவில்லை, எது செனகல், எது பிரேசில் என்பதே குழம்பிவிட்டது. அப்புறம் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரே ஆல்பத்தில் ஆரம்பித்தேன். அதில் வாசித்தது யார், அவர்கள் வேறு எங்கே யாரோடு வாசித்தார்கள் என்று நூல் பிடித்துப் போனேன். அந்த வழியைத்தான் இங்கே சொல்கிறேன். ஒரு ஹெட்போன், ஒரு ஸ்ட்ரீமிங் செயலி, குறித்து வைக்க ஒரு நோட்டு, அவ்வளவு போதும்.

படி 1: 'உலக இசை' என்ற பெயரை மறந்துவிடுங்கள்

அது ஓர் இசை வகையே இல்லை. ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க, ஆசிய ஆல்பங்களை எந்த அடுக்கில் வைப்பது என்று தெரியாமல் கடைக்காரர்கள் விழித்துக்கொண்டிருந்த காலத்தில், 1987 கோடையில், சில சின்ன இசைத்தட்டு நிறுவனக்காரர்கள் லண்டனில் ஒரு மதுக்கடையில் கூடிப் பேசி ஒட்டிய பெயர் அது. அலமாரிக்கு ஒட்டிய சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராமி விருதுக்காரர்களே 2020இல் அந்தப் பெயரை மாற்றிவிட்டார்கள். தேடும் கட்டத்தில் 'உலக இசை' என்று அடித்தால் பெரும்பாலும் தூங்க வைக்கிற புல்லாங்குழல்தான் வந்து நிற்கும். சோன் (கியூபா), மோர்னா (கேப் வெர்டே), ஃபாடோ (போர்ச்சுகல்), ஆஃப்ரோபீட் (நைஜீரியா) என்று அந்தந்த இசைக்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயரில் தேடுங்கள்.

படி 2: ஹவானாவில் ஆரம்பியுங்கள்

'புவேனா விஸ்டா சோஷியல் கிளப்', 1997. எல்லாரும் சொல்வதுதானே என்று முகம் சுளிக்காதீர்கள், எல்லாரும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1996 மார்ச்சில் கியூபத் தலைநகர் ஹவானாவின் எக்ரெம் ஸ்டூடியோவில் சில நாட்களுக்குள் பதிவானது. பாடிய காம்பாய் செகுண்டோவுக்கு அப்போது 88 வயது. இப்ராஹிம் ஃபெரர் பாட்டை விட்டு ஒதுங்கியிருந்தவர், ஆள் அனுப்பிக் கூட்டி வந்தார்கள். முதல் பாட்டு 'சான் சான்', நாலே நாலு கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) திரும்பத் திரும்பச் சுற்றி வரும், ஆனால் ஒருமுறைகூட அலுக்காது.

ஒரு விஷயத்தை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும். இது முதலில் திட்டமிட்ட ஆல்பமே இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டிலிருந்து கலைஞர்கள் வந்து கியூபக்காரர்களோடு சேர்ந்து வாசிப்பதாக ஏற்பாடு. அவர்களால் வந்து சேர முடியவில்லை. ஸ்டூடியோ தயார், நாளும் குறித்தாயிற்று, சரி, இங்கே இருப்பவர்களை வைத்தே பதிவு செய்வோம் என்று செய்ததுதான் இது.

படி 3: ஒரே ஆல்பம், மூன்று தடவை

இந்தப் படியைத்தான் பலர் தாண்டிவிடுகிறார்கள், தயவுசெய்து தாண்டாதீர்கள்.

முதல் தடவை ஷஃபிளை அணைத்துவிட்டு, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை அப்படியே கேளுங்கள். கையில் போன் வேண்டாம். இரண்டாவது தடவை ஒரே ஒரு வாத்தியத்தை மட்டும் பின்தொடருங்கள். நான் பாஸைச் சொல்வேன், அடியில் கனமாக ஒலிக்கிற தந்தி வாத்தியம் அது. காலால் தாளம் போட்டுக்கொண்டே கேட்டால் ஒன்று பிடிபடும்: கியூப சோன் இசையில் பாஸ் பெரும்பாலும் சமத்தில் வந்து விழாது, கொஞ்சம் முந்தியே எடுத்துவிடும், உங்கள் கால் கீழே வருவதற்குள் அது அடுத்த கார்டுக்குப் போயிருக்கும். உட்கார்ந்திருப்பவரை எழுப்பி ஆட வைக்கிற சூட்சுமம் அதில்தான் இருக்கிறது, அது தெரிந்துவிட்டால் அதற்கப்புறம் எந்த சல்சா பாட்டும் பழையபடி கேட்காது. மூன்றாவது தடவை பாட்டின் பொருளைத் தேடிப் படித்துக்கொண்டே கேளுங்கள்.

படி 4: பின்னட்டையைப் படியுங்கள்

செயலியில் பின்னட்டை ஏது? பாட்டின் பெயரைத் தட்டினால் 'கிரெடிட்ஸ்' என்று ஒன்று வரும், அது அரைகுறையாக இருந்தால் ஆல்பத்தின் பெயரை இணையத்தில் போட்டுத் தேடுங்கள். மூன்று கேள்விதான்: தயாரித்தது யார், வாசித்தது யார், எந்த லேபிள், அதாவது வெளியிட்ட நிறுவனம்?

தயாரித்தவர் அமெரிக்க கிடார் கலைஞர் ரை கூடர். அவர் பெயரைப் பிடித்துப் போனால் 1994இல் மாலியின் அலி ஃபார்கா டூரேயோடு செய்த 'டாக்கிங் டிம்பக்டு' கிடைக்கும். அலி ஃபார்காவைப் பிடித்துப் போனால் 2005இல் வந்த 'இன் தி ஹார்ட் ஆஃப் தி மூன்'. என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் கேளுங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தால் இதைத்தான் சொல்வேன். மாலித் தலைநகர் பமாக்கோவில் நைஜர் ஆற்றங்கரை ஹோட்டல் ஒன்றில், ஒத்திகை இல்லாமல் அலி ஃபார்கா கிடாரும் டுமானி ஜபாட்டே கோராவும் வாசித்தது. கோரா நம் யாழுக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கும்: பாதி சுரைக்குடுக்கை, மேலே மாட்டுத்தோல், 21 நரம்பு. இரண்டு கட்டைவிரலும் அடியில் கீழ்ச் சுரங்களைப் பிடித்துக்கொள்ள, இரண்டு ஆள்காட்டி விரலும் மேலே மெட்டைப் பின்னும். இரண்டு மூன்று பேர் வாசிக்கிற மாதிரி காதுக்குப் படும், ஒரே ஆள்தான்.

இந்த மூன்று ஆல்பமும் ஒரே லேபிள், வேர்ல்ட் சர்க்யூட். பிடித்த ஆல்பம் எந்த லேபிளிலிருந்து வந்ததோ அந்த லேபிளின் மற்ற ஆல்பங்களையும் எட்டிப் பாருங்கள். பழைய களப்பதிவுகள் வேண்டுமென்றால் ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் என்ற அமெரிக்க லேபிள் ஒரு கடல், ஆல்பக் குறிப்பேடுகளை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

படி 5: இனி கொஞ்சம் தூரம் தாண்டலாம்

மாலியிலிருந்து வடக்கே சகாராவுக்குள் போனால் பாலைவன மக்களான துவாரெக்குகளின் இசைக்குழு தினாரிவென், 2007இன் 'அமான் இமான்', மின்கிடாரில் பாலைவனம். கிழக்கே நைஜீரியாவில் ஃபேலா குட்டியின் 'ஸோம்பி'. தலைப்புப் பாட்டு பன்னிரண்டு நிமிடம், குரல் வருவதற்கே பல நிமிடம் ஆகும், வந்ததும் கட்டளைக்குத் தலையாட்டும் ராணுவத்தைக் கிழிப்பார். 1977 பிப்ரவரியில் ராணுவம் அவர் வீட்டைத் தீ வைத்துக் கொளுத்தியது.

கேப் வெர்டே தீவுகளுக்கு சிசேரியா எவோராவின் 'மிஸ் பெர்ஃபுமாடோ', 1992. எத்தியோப்பியாவுக்கு 'எதியோபிக்ஸ்' வரிசையின் நான்காம் ஆல்பம், முலாட்டு அஸ்டாட்கே. அந்த ஊரின் 'திசிட்டா' சுரவரிசையின் ஒரு வடிவம் நம் மோகன ராகத்தின் அதே ஐந்து சுரம், கேட்டதும் தெரிந்த முகம் மாதிரி இருக்கும்.

எகிப்தின் உம் குல்தூமுக்கு மட்டும் தனியாக ஒரு மாலை ஒதுக்குங்கள். 1964இன் 'இந்த்த ஓம்ரி' ஒரே பாட்டு, மேடைப் பதிவு ஒரு மணி நேரம் போகும். ஒரே வரியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி பாடுவார், கூட்டம் கதறும், மறுபடி அதே வரிக்கு வருவார். கர்நாடகக் கச்சேரியில் நிரவல் கேட்டுப் பழகிய காதுக்கு இதை விளக்கவே வேண்டாம். மற்றவர்கள் பத்து நிமிடத்தில் நிறுத்திவிடாமல் பொறுத்திருங்கள்.

பாகிஸ்தானின் நுஸ்ரத் ஃபதே அலி கானுக்கு 'மஸ்த் மஸ்த்' ஆல்பத்தைத்தான் முதலில் நீட்டுவார்கள். நான் 1989இன் 'ஷாஹென் ஷா' என்பேன், அதுதான் கைதட்டும் ஆர்மோனியமுமாக முழு கவ்வாலி, சூஃபி பக்திப் பாட்டு.

படி 6: பிடிக்கவில்லையா?

ஓரமாக வையுங்கள், அழிக்க வேண்டாம். இந்தோனேசியாவின் பாலித் தீவில் உலோகத் தட்டு வாத்தியங்கள் சேர்ந்து ஒலிக்கும் கமலான் இசையை முதலில் கேட்டபோது சுருதி சேராத பாத்திரக்கடை மாதிரி இருக்கிறதே என்றுதான் நினைத்தேன். பிறகு படித்தபோது தெரிந்தது: அங்கே வாத்தியங்களை ஜோடியாகச் செய்வார்கள், ஒன்றைவிட மற்றொன்றை சுருதியில் வேண்டுமென்றே ஒரு இழை கூட்டி வைப்பார்கள். இரண்டும் ஒன்றாக ஒலிக்கும்போது ஒலி அலையடிக்கும், அதற்குப் பெயரே 'ஓம்பாக்', அலை. நான் பிழை என்று நினைத்ததை அவர்கள் உயிர் என்கிறார்கள். இப்போது அந்த அதிர்வுக்காகத்தான் கேட்கிறேன்.

படி 7: நோட்டைத் திறங்கள்

படி 2இல் எழுதிய குறிப்பு இருக்கிறதல்லவா, மாலிக்காரர்கள் வரவில்லை என்று? பிறகு வந்தார்கள். 2010இல் வெளியான 'ஆஃப்ரோகியூபிசம்' என்ற ஆல்பத்தில், புவேனா விஸ்டாவில் பாடிய எலியாதெஸ் ஓச்சோவாவின் கிடாரோடு, டுமானி ஜபாட்டேயின் கோராவும், அன்று வர முடியாமல் போன பசேக்கு குயாத்தே, ஜெலிமாடி துன்காரா இருவரின் வாத்தியங்களும் சேர்ந்து ஒலிக்கின்றன. மற்றதெல்லாம் கேட்ட பிறகு இதைப் போடுங்கள். கோரா எது, சோன் தாளம் எது என்று அதற்குள் உங்கள் காதே பிரித்துச் சொல்லிவிடும்.