பழைய புரொஜெக்டர் வாங்குகிறவர்கள் பணத்தைத் தொலைக்கும் இடங்கள்

தாத்தாவின் 8 மி.மீ. ரீல்களைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள், கல்லூரியில் திரைப்படச் சங்கம் தொடங்குகிறவர்கள், பழைய பொருள் சேகரிக்கிறவர்கள் என்று பலரும் இன்று ஓஎல்எக்ஸிலும் பேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும் ஈபேயிலும் பிலிம் புரொஜெக்டர் தேடுகிறார்கள். வாங்கிய பிறகு, ஓடவில்லை என்று பழுதுபார்க்கிற எங்களைப் போன்றவர்களிடம் கொண்டுவருகிறார்கள். இயந்திரத்தைத் திறப்பதற்கு முன்பே, எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டதும் வயிறு எரிகிறது. இந்தத் துறையில் கால்வைத்த காலத்தில் நாங்கள் எல்லோரும் ஏமாந்த அதே இடங்களில்தான் இவர்களும் ஏமாந்திருக்கிறார்கள்.

லென்ஸ் இல்லாதது, வயர் அறுந்தது, ஸ்லைடு காட்டும் கருவியைச் சினிமா புரொஜெக்டர் என்று போட்டிருப்பது போன்றவை படத்தைப் பார்த்தாலே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கேட்கும் விலையைச் சந்தை விலை என்று நம்புவது

ஒருவர் பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்குகிறார். அதன் மதிப்பு அவருக்குத் தெரியாது. இணையத்தில் அதே மாதிரியைத் தேடுகிறார். வேறொருவர் எண்பதாயிரம் என்று போட்டிருக்கிறார். இவரும் எழுபத்தைந்தாயிரம் என்று போடுகிறார். அந்த எண்பதாயிரத்துக்கு யாரும் வாங்கவில்லை, மாதக்கணக்கில் அப்படியே கிடக்கிறது என்பதை இருவருமே யோசிப்பதில்லை. பிறகு வருகிறவருக்கு இந்த இரண்டு விளம்பரங்களும் சேர்ந்து ஒரு விலை நிலவரம்போலத் தெரிகின்றன.

ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் பிரித்துப் பார்க்கும் வசதி இருக்கிறது. அந்தப் பட்டியலைப் பாருங்கள். ஓஎல்எக்ஸில் அந்த வசதி கிடையாது. அங்கே தெரிவதெல்லாம் விற்கிறவரின் ஆசை மட்டுமே. அதிக விலை சொல்கிறார் என்பதற்காக யார்மீதும் எனக்குக் கோபம் இல்லை. கேட்கிற தொகைக்குப் பின்னால் என்ன வேலை நடந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. முறையாகப் பிரித்துச் சுத்தம் செய்து, பெல்ட் மாற்றி, பிலிம் ஓட்டிப் பார்த்த இயந்திரத்துக்கு நல்ல விலை கேட்டால் நான் தயங்காமல் கொடுக்கச் சொல்வேன்.

பத்து விநாடி வீடியோவை நம்பி இரட்டிப்பு விலை கொடுப்பது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். திரும்பத் திரும்பப் பார்த்தும் எனக்கு ஆறாத விஷயம் இது.

திருச்சியைச் சேர்ந்த ஒரு தம்பி 16 மி.மீ. புரொஜெக்டர் ஒன்றைப் பார்த்துவைத்திருந்தார். "சோதித்துப் பார்க்கவில்லை" என்று எழுதி, பதினெட்டாயிரம் கேட்டிருந்தார்கள். நேர்மையான விளம்பரம். தம்பி அதோடு நிற்காமல், "ஓடுகிறதா என்று ஒரு வீடியோ அனுப்ப முடியுமா?" என்று கேட்டார். விற்பனையாளர் பல வருடம் தூங்கிய இயந்திரத்தை எடுத்து, தூசிகூடத் துடைக்காமல், நேராகச் செருகிச் சுவிட்சைப் போட்டார். மோட்டார் சத்தம் கேட்டது, விளக்கு எரிந்தது, சுவரில் ஒரு வெள்ளைச் சதுரம் விழுந்தது. அதே மாலையில் விளம்பரம் மாறியது: "அருமையாக ஓடும் நிலையில்." விலை நாற்பத்தைந்தாயிரம். வேறு யாராவது வாங்கிவிடுவார்களோ என்ற பதற்றத்தில் தம்பி பணத்தை அனுப்பிவிட்டார்.

அந்த வீடியோவில் பிலிம் இல்லை. நாற்பத்தைந்தாயிரம் ரூபாய் இயந்திரத்தில் ஒரு அடி பிலிம்கூட ஓடிப் பார்க்கவில்லை. என் மேசைக்கு வந்தபோது மோட்டார் சுற்றியது, விளக்கும் எரிந்தது. பிலிமை இழுக்க வேண்டிய பற்சக்கரங்கள் ஒரு துடிப்புத் துடித்து நின்றன. உள்ளே கிரீஸ் காய்ந்து இறுகியிருந்தது. அந்த இறுக்கத்தை எதிர்த்து மோட்டார் முழு வேகத்தில் திருகியதில் உள் பல்சக்கரம் பிளந்திருந்தது. பிளவு புதியது, அதன் துணுக்குகள் இன்னும் அடித்தட்டிலேயே கிடந்தன. விலையை ஏற்றிய அதே ஓட்டம்தான் இயந்திரத்தையும் உடைத்திருந்தது. வாங்குகிறவர் தானே கேட்டு, தன் பணத்திலேயே நடத்திய சேதம் இது. இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் அடங்குவதில்லை.

மோட்டார் ஓடுவதற்கும் படம் ஓடுவதற்கும் நடுவே நிறைய இருக்கிறது. மோட்டார் முதலில் விசிறியையும், பிரேம் மாறும்போது வெளிச்சத்தை மறைக்கும் ஷட்டரையும் சுற்றும். விளக்குக்குத் தனி இணைப்பு. இந்த இரண்டும் சரியாக இருந்தால் சுவரில் வெளிச்சம் வந்துவிடும். ஆனால் பிலிமைப் பிரேம் பிரேமாகக் கீழே இழுக்கும் நகம், மேலும் கீழும் உள்ள பற்சக்கரங்கள், ரீலைச் சுற்றும் பெல்ட், 16 மி.மீ. என்றால் ஒலிப்பகுதி, இவை எதுவும் அந்த வெளிச்சத்தில் தெரியாது. பெல் அண்ட் ஹவல் நிறுவனத்தின் பிற்கால 16 மி.மீ. மாதிரிகள் பலவற்றில் முக்கிய அச்சில் இருக்கும் பிளாஸ்டிக் புரிப்பல்சக்கரம் (வார்ம் கியர்) வயதானால் விரிசல் விடும் என்பது உலகெங்கும் பழுதுபார்ப்பவர்கள் அறிந்தது. அதை மாற்ற இயந்திரத்தின் பாதியைக் கழற்ற வேண்டும். திரும்பப் பூட்டும்போது ஷட்டரும் நகமும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் திரையில் எழுத்துகள் மேலோ கீழோ இழுபடும். ஆஸ்திரியாவின் யூமிக் 8 மி.மீ. மாதிரிகள் சிலவற்றில் பெல்ட்டுக்குப் பதில் ரப்பர் சக்கரம் உரசி ஓட்டும்; ரப்பர் கெட்டியானால் வேகம் நிலைக்காது. ஜப்பானிய 8 மி.மீ. இயந்திரங்கள் பலவற்றில் பெல்ட் கறுப்பாக உருகி, தொட்ட விரலெல்லாம் ஒட்டும் பசையாகிக் கிடக்கும்.

ஆகவே வீடியோ கேட்காதீர்கள். செருகவே வேண்டாம் என்று சொல்லுங்கள். பதிலாக இதைக் கேளுங்கள்: பிளக்கைக் கழற்றிவிட்டு, பிலிம் போகும் கேட்டைத் திறந்து வைத்து, பக்கவாட்டில் இருக்கும் கைத்திருகியை மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். கேட்டின் சிறு துளை வழியாக நகம் வெளியே எட்டிப்பார்க்க வேண்டும், கீழே இறங்க வேண்டும், உள்ளே மறைந்து மீண்டும் மேலே வர வேண்டும். கூடவே பற்சக்கரங்கள் சீராக நகர வேண்டும். திருகி அசையவில்லை என்றால் அத்தோடு நிறுத்தச் சொல்லுங்கள். பலம் கொடுக்க வேண்டாம். நகத்தின் நுனியை நெருங்கிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நுனியில் பள்ளம் விழுந்திருந்தால் அந்த இயந்திரம் ஏராளமான பிலிமை ஓட்டியிருக்கிறது, இனி உங்கள் பிலிமைக் கிழிக்கும்.

நேரில் போய்ப் பார்க்க முடிந்தால், கைத்திருகி தாராளமாகச் சுற்றுகிறது என்று உறுதியான பிறகு, 16 மி.மீ. இயந்திரத்தின் ஒலியைப் பிலிம் இல்லாமலே சோதிக்கலாம். பிலிமின் ஒலிக்கோட்டில் ஒளி பாய்ச்சும் சிறு ஒலிவிளக்கை எரியவிட்டு, அதற்கும் ஒளி உணரும் செல்லுக்கும் நடுவே ஒரு சீப்பின் பற்களை வேகமாக இழுங்கள். ஒலிபெருக்கியில் "சர்ர்" என்று கேட்டால் ஒலிப்பகுதி உயிரோடு இருக்கிறது.

வெறும் வெளிச்சம் காட்டும் வீடியோ இருந்தாலும் இல்லாவிட்டாலும், பிலிம் ஓடுவதைக் கண்ணால் காணாத இயந்திரத்துக்கு ஓடாத இயந்திரத்தின் விலைதான். அந்தத் தம்பிக்குப் பதினெட்டாயிரம் நியாயமான விலை. மீதி இருபத்தேழாயிரத்தில் அதைப் பழுதுபார்த்து, ஒரு திரையும் வாங்கியிருக்கலாம்.

கதைக்குக் காசு கொடுப்பது

"வெள்ளைக்காரர் காலத்துச் சூப்பர் 8" என்று எழுதியிருந்தால் அந்த விளம்பரத்தைக் கடந்துபோய்விடுங்கள். கோடாக் சூப்பர் 8 வடிவத்தை வெளியிட்டது 1965இல். அதற்கு முந்தைய சாதாரண 8 மி.மீ. 1932இல் வந்தது, 16 மி.மீ. 1923இல். இந்த மூன்று ஆண்டுகளை மனத்தில் வைத்திருந்தால் பாதிக் கதைகள் உதிர்ந்துவிடும்.

தமிழ்நாட்டு விளம்பரங்களில் டூரிங் டாக்கீஸ் கதை அதிகம் வருகிறது. 1905இல் ரயில்வே வேலையிலிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சிக்கு வந்திருந்த ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரும் படச்சுருள்களும் வாங்கி ஊர் ஊராகக் காட்டினார் என்பது வரலாறு. அந்த வரலாற்றின் பெருமையை, எழுபதுகளில் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் பாடப்படம் காட்டிய 16 மி.மீ. பெட்டியின்மேல் ஏற்றி விலை சொல்வது வாங்குகிறவரின் அன்பைச் சுரண்டுவதாகும். பித்தளை மினுமினுக்க, மரத்தாலான முக்காலியில் நிற்கும் "பழைய" கருவிகளில் பல, ஹோட்டல் அலங்காரத்துக்காகப் புதிதாகச் செய்தவை. உள்ளே நகமும் இருக்காது, கேட்டும் இருக்காது. காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போகிறவர்கள் பின்கதவைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டே விலை பேச வேண்டும்.

110 வோல்ட்

அமெரிக்க இயந்திரம் என்றால் தகட்டைப் படியுங்கள். 110 அல்லது 120 வோல்ட் என்றிருந்தால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். விளக்கே 750 அல்லது 1000 வாட் குடிக்கும் என்பதை மறந்து, சின்னதாக ஒன்றை வாங்கிக் கருக்கிவிடுகிறார்கள்.

தெரியாத விஷயம் இன்னொன்று. டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மாற்றும்; மின்சாரத்தின் விநாடிக்கு 60 சுழற்சியை நம் ஊர் 50க்கு ஏற்ப மாற்றாது. இண்டக்‌ஷன் மோட்டார் உள்ள இயந்திரம் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். விநாடிக்கு 24 பிரேம் ஓட வேண்டியது 20 ஆகும். பேசுகிறவர்கள் எல்லோருடைய குரலும் தடித்துப்போகும். சில மாதிரிகளில் பெல்ட்டை வேறு கப்பிக்கு மாற்றினால் சரியாகிவிடும். சிலவற்றுக்குக் கப்பியையே புதிதாகக் கடைந்து போட வேண்டும். கார்பன் பிரஷ் மோட்டாரும் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னரும் உள்ளவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. மோட்டாரின் வகையைக் கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.

"விளக்கு மட்டும் இல்லை, கடையில் கிடைக்கும்"

பழைய டங்ஸ்டன் விளக்குகள் கடையில் கிடைப்பதில்லை. கிடைக்கும் பழைய இருப்புக்கு நல்ல விலை. ஆயுளோ பல வகைகளுக்கு 25 மணி நேரம்தான். பிரதிபலிப்பானுடன் சேர்ந்த ஹாலஜன் விளக்குகளான 12 வோல்ட் 100 வாட் ஈஎஃப்பி (EFP), 24 வோல்ட் 250 வாட் ஈஎல்சி (ELC) போன்றவை வேறு கருவிகளிலும் பயன்பட்டதால் இன்றும் வாங்க முடிகிறது. விளக்கின் குறியீடு எழுதியிருக்கும் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அந்த விளக்கின் விலையை முதலில் விசாரியுங்கள். புரொஜெக்டரின் விலை அதற்குப் பிறகு.

எந்த 8 மி.மீ.?

சாதாரண 8இல் பிலிம் ஓரத்துத் துளை பெரியது, இரண்டு பிரேம்களின் எல்லையில் இருக்கும். சூப்பர் 8இல் துளை சிறியது, பிரேமின் நடுவில் இருக்கும். வீட்டு ரீலைப் பார்த்துவிட்டு இயந்திரம் தேடுங்கள்.

லென்ஸில் பூஞ்சை

சென்னை, நாகை, தூத்துக்குடி வீடுகளிலிருந்து வருகிறதென்றால் லென்ஸைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். உள்ளே சிலந்திவலை போன்ற கோடுகள் ஓடினால் அது துடைத்துப் போகிற அழுக்கு இல்லை. கண்ணாடியின் பூச்சையே அரித்திருக்கலாம்.

தியேட்டர் 35 மி.மீ. இயந்திரம்

டிஜிட்டல் வந்த பிறகு தியேட்டர்களிலிருந்து இவை இரும்பு எடைக்குப் போயின. வீட்டில் ஓட்டும் எண்ணமில்லாமல் அழகுக்கு வாங்குவதானால் அழகின் விலை கொடுங்கள், போதும். ஓட்டுவதற்கு வாங்குவதானால், பிலிமைப் பிரேம் பிரேமாக நகர்த்தும், எண்ணெயில் மூழ்கிச் சுற்றும் மால்டீஸ் கிராஸ் பெட்டி உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் அதைக் கழற்றித் தனியாக விற்றிருப்பார்கள்.

கூரியர்

லென்ஸ், விளக்கு, ரீல் கைகள் மூன்றையும் கழற்றித் தனித்தனியாகச் சுற்றாமல் அனுப்புகிறவரிடம் வாங்காதீர்கள்.

வீட்டு ரீலை முதலில் மாட்டுவது

இயந்திரம் வந்த அன்று இரவே குடும்பம் முழுவதையும் உட்காரவைத்து, அப்பா அம்மா கல்யாண ரீலைப் போட்டுவிடுகிறார்கள். ஆசை புரிகிறது. ஆனால் கேட்டில் ஒட்டியிருக்கும் ஒரு பழைய பிலிம் துகள் போதும், முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை ஒரே நேர்க்கோடாகக் கீறிவிடும். 8 மி.மீ. வீட்டுப் படத்துக்குப் பெரும்பாலும் நெகட்டிவ் கிடையாது. கேமராவில் ஓடிய அந்த ஒரே பிலிம்தான் திரையிலும் ஓடுகிறது.

கேட்டையும், பிலிமை அதில் அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டையும் மெல்லிய துணியால் துடையுங்கள். ஒட்டியதை மரக்குச்சியால் எடுங்கள், இரும்பு படக்கூடாது. தேவையற்ற பிலிமில் ஒரு துண்டை வெட்டி, இரு முனையையும் ஒட்டி வளையமாக்கி, சில நிமிடம் சுற்றவிடுங்கள். பிறகு பூதக்கண்ணாடியில் பாருங்கள். புதிய கீறல் இல்லை, துளைகளின் ஓரம் கிழியவில்லை என்றால் வீட்டு ரீலை எடுங்கள்.

டப்பாவைத் திறந்ததும் புளிக்காடி வாசனை மூக்கில் ஏறினால் அந்தப் பிலிம் அழியத் தொடங்கிவிட்டது, சுருங்கியும் இருக்கும். சுருங்கிய பிலிமின் துளைகள் எந்தப் பற்சக்கரத்திலும் சரியாக உட்காரா. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய புரொஜெக்டராக இருந்தாலும் அதில் அதை மாட்டாதீர்கள். பற்சக்கரம் இல்லாமல் ஸ்கேன் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நாள் கடத்தாமல் அவர்களிடம் கொடுங்கள். அந்த டப்பாவை மற்ற ரீல்களிலிருந்து தள்ளித் தனி அலமாரியில் வையுங்கள், ஏனென்றால் அந்த ஆவி பக்கத்தில் இருக்கும் நல்ல பிலிமையும் கெடுக்கும்.