பெண் பிள்ளைகள் குறைந்துவிட்டார்களா? கணக்குப் போட்டுப் பார்க்கும் முறை

யாழ்ப்பாணத்து வடமராட்சியில் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை நான். பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஆய்வுக்கென்று எடுத்த பட்டியல்களோடு இப்போதும் வீட்டுக்கு வருவார்கள். “டீச்சர், எங்கட பிரிவிலை பொம்பிளைப் பிள்ளையள் குறைஞ்சுகொண்டு போகினம், பாருங்கோ” என்பார்கள். தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியில் பெண்சிசுக் கொலை பற்றிப் பார்த்திருப்பார்கள். இங்கும் அப்படித்தான் என்று மனம் ஓடிவிடும். இந்தப் பேச்சை எடுத்த எடுப்பில் பேசக்கூடாது. பொய்யென்றால் ஒரு ஊரின் தாய்மாருக்கே பழி. மெய்யென்றால் மூடி மறைக்கவும் கூடாது. ஆகவே கணக்கு.

முதலில், சரிபாதியை எதிர்பார்க்காதீர்கள். யாரும் தலையிடாத இடத்திலும் 100 பெண் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 105 ஆண் பிள்ளைகள் பிறக்கிறார்கள். அது இயற்கை. ஆண் பிள்ளைகள் சிறுவயதில் சற்றுக் கூடுதலாக இறப்பதால் அந்த இடைவெளி பிறகு மெல்லக் குறையும். ஐந்து பேர் கூட என்பதைக் கண்டு பதறவேண்டாம்.

அடுத்தது, எண் எந்த முறையில் எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இந்தியாவில் 1000 ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்று எழுதுவார்கள். இலங்கையில் 100 பெண்களுக்கு எத்தனை ஆண்கள் என்று. 2012 குடிசனத் தொகைமதிப்பில் எல்லா வயதினரையும் சேர்த்து இலங்கைக்கு வந்த எண் 94. இதை இந்தியக் கண்ணால் பார்த்து, “ஆயிரத்துக்கு 940 பெண்கள்தானாம்” என்று ஒரு பிள்ளை எழுதிக்கொண்டு வந்தது. உண்மை நேர்மாறு: 1000 ஆண்களுக்கு 1064 பெண்கள். மாற்றும் வழி இலகு. ஒரு இலட்சத்தை அந்த எண்ணால் வகுத்தால் மற்ற முறை வரும். இயற்கையின் 105, இந்திய முறையில் 952. இந்த 952ஐ மனதில் வைத்திருங்கள்.

வயதையும் பாருங்கள். மேலே சொன்ன 1064 பெரியவர்களையும் சேர்த்தது. யாழ்ப்பாணத்தில் எந்தக் கோயில் திருவிழாவில் நின்று பார்த்தாலும் பெண்கள் கூடுதலாகத்தான் தெரிவார்கள். போரும் வெளிநாட்டுப் பயணமும் எங்கள் ஆண்களைக் கொண்டுபோன கதை அது. பிள்ளைகளைப் பற்றி அது எதுவும் சொல்லாது. எங்கள் பட்டியல்களில் 0–4 வயதையும், இந்தியப் பட்டியல்களில் 0–6 வயதையும் எடுங்கள்.

இனித்தான் முக்கியமான இடம். விதானையிடம், அதாவது கிராம சேவையாளரிடம், வாங்கிய பட்டியலில் 64 சின்னப் பிள்ளைகள், அதில் 40 ஆண், 24 பெண் என்று வைப்போம். ஆயிரத்துக்கு 600! பார்த்தவுடன் நெஞ்சு பதைக்கும். பொறுங்கள். 64இல் ஏறக்குறைய 33 ஆண் பிள்ளைகளை எதிர்பார்க்கலாம். 64இன் வர்க்கமூலம் 8. அதை 33இல் கூட்டியும் கழித்தும் பாருங்கள்: 25 முதல் 41 வரை. இருபது தடவையில் பத்தொன்பது தடவை தற்செயல் இந்த எல்லைக்குள்தான் ஆடும். 40 அதற்குள் நிற்கிறது. இதே விகிதம் 6400 பிள்ளைகளில் வந்தால் கதை வேறு. எதிர்பார்ப்பு 3278, வர்க்கமூலம் 80, மேல் எல்லை 3358; உங்கள் பட்டியலிலோ 4000. அதைத் தற்செயல் என்று யாரும் சொல்லமுடியாது. இன்னொன்று: யாழ் மாவட்டத்தில் 435 கிராம சேவையாளர் பிரிவுகள் உண்டு. இருபதில் ஒன்று என்றால், ஒரு காரணமும் இல்லாமலே இருபதுக்கு மேற்பட்ட பிரிவுகள் எல்லைக்கு வெளியே விழும். அதில் ஒன்றைத் தூக்கிப் பிடித்துக் கட்டுரை எழுதாதீர்கள். பிரதேச செயலக மட்டத்திலோ, பல ஆண்டுகளைச் சேர்த்தோ பாருங்கள்.

பட்டியல் எங்கிருந்து வந்தது என்பதும் கேள்வி. பாடசாலை இடாப்பை நம்பவேண்டாம்: வேம்படி மகளிர் கல்லூரியும் ஆண் பிள்ளைகளின் யாழ் இந்துக் கல்லூரியும் இருக்கும் நகரத்தில் ஒரு பாடசாலைக் கணக்கால் என்ன தெரியும்? பழைய தொகைமதிப்போடு ஒப்பிடுவதும் எங்களுக்குக் கஷ்டம். 1981க்குப் பிறகு இங்கே அடுத்த முழுமையான தொகைமதிப்பு 2012இல்தான் நடந்தது. 2001இல் போரால் முழுமையாக எடுக்கவில்லை. 1981இன் யாழ் மாவட்டத்துக்குள் கிளிநொச்சியும் இருந்தது. அது 1984இல்தான் பிரிந்தது. எல்லை மாறியதைக் கவனிக்காமல் போட்ட கணக்கு செல்லாது.

உண்மையான குறைவு எப்படி இருக்கும் என்று தெரியவேண்டுமானால் ஹரியானாவைப் பாருங்கள். 2011இல் 0–6 வயதுப் பிள்ளைகள் ஏறக்குறைய 33.8 இலட்சம்; ஆண் 18.43, பெண் 15.37. ஆயிரத்துக்கு 834. வர்க்கமூலம் இரண்டாயிரத்தைக்கூடத் தொடாது. ஆனால் ஆண் பிள்ளைகள் எதிர்பார்ப்பைவிட ஒரு இலட்சத்துக்கும் மேல் கூட. 952ஐ வைத்துப் பார்த்தால் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பெண் பிள்ளைகள் அங்கே இல்லை. இந்த வரியை எத்தனை தரம் படிப்பித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். சராசரியும் ஏமாற்றும். 2001இல் தமிழ்நாடு முழுவதற்கும் 942, இயற்கைக்குக் கிட்டத்தான். அதே ஆண்டு சேலம் மாவட்டத்தில் 851. வேண்டாமென்ற பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசின் தொட்டிலில் விட்டுப்போக வழிசெய்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் அங்கே தொடங்கியது காரணமில்லாமல் அல்ல.

இலங்கையில் 100 பெண் பிள்ளைகளுக்குப் பிறக்கும் ஆண் பிள்ளைகளின் எண் 104ஐச் சுற்றியே நிற்கிறது. “சீதனம் இங்கேயும் இருக்குத்தானே டீச்சர், பிறகேன்?” என்று கேட்பார்கள். இருக்கிறது, அது எங்கள் வெட்கக்கேடு. இரண்டாவதும் பெண் என்றால் பெருமூச்சு விடுகிற பெரியம்மாமாரும் இருக்கிறார்கள். ஆனால் எங்கள் ஊரில் வீடு பெரும்பாலும் மகளுக்குப் போகிறது. தாய் தகப்பன் கடைசிக் காலத்தில் மகளோடுதான் இருப்பார்கள். ஹரியானாவில் மகள் வேறு ஊருக்குக் கட்டிப்போய்விடுவாள். காணியும் கிழவரைப் பார்ப்பதும் மகனோடு. என் கணிப்பில், சீதனத்தை மட்டும் காரணமாக எழுதுகிற கட்டுரை இந்த இடத்தில்தான் வழுக்குகிறது.

எல்லாம் பார்த்த பிறகும் எண் எல்லைக்கு வெளியே நின்றால், பிறப்பு ஒழுங்கைப் பாருங்கள். தெரிவு, அதாவது பெண் கரு என்று அறிந்து கலைப்பது, நடக்கிற இடத்தில் முதல் பிள்ளையில் பெரிதாகத் தெரியாது; இரண்டாவது, மூன்றாவதில் பிடிபடும். தென்கொரியாவில் 1990களின் தொடக்கத்தில் மூன்றாவது பிள்ளைகளில் 100 பெண்ணுக்கு ஏறக்குறைய 200 ஆண் பிறந்தார்கள். அந்த நாடு பின்னர் 105க்குக் கிட்டத் திரும்பியது. இங்கே இதைத் தேட சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போங்கள். குடும்பநல உத்தியோகத்தர்கள் வீடு வீடாகப் போய் எழுதும் பதிவுகள் அங்கே சேர்கின்றன. கடிதத்தோடு போய், கடந்த பத்து ஆண்டுகளுக்கு, முதலாம், இரண்டாம், மூன்றாம் பிள்ளை என்று பிரித்து, ஆண் பெண் மொத்தத்தை மட்டும் கேளுங்கள். தாய்மாரின் பெயர், முகவரி கேட்கவே வேண்டாம். உங்கள் கணக்குக்கு அது தேவையில்லை.